வெள்ளிக்கிழமைகளில் எழும்பிய கொம்பியூட்டர்

என் கடை மேசையின் வலப்பக்கத்தில் ஒரு சீ.ஆர். கொப்பி, தடித்த மட்டைக் குறிப்பேடு, கிடக்கிறது. நீல மட்டை, ஓரங்கள் நைந்துவிட்டன. மட்டையின் நடுவில் ஒரு தேத்தண்ணிக் கோப்பையின் அடி வட்டமாகப் பதிந்து காய்ந்து கறுத்துப் போயிருக்கிறது. கடைக்கு வருகிறவர்கள் அதைப் பழைய கணக்குக் கொப்பி என்று நினைத்து அதன்மேல் தங்கள் மடிக்கணினியை வைக்கப் போவார்கள். நான் பாய்ந்து எடுத்துவிடுவேன். "என்ன, அவ்வளவு பெறுமதியான கொப்பியோ?" என்று ஒருவர் கேட்டார். பெறுமதி ஒன்றும் இல்லை. அந்த வட்டம் நான் வைத்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. காலையில் கடை திறக்கும்போது முதலில் கோபப்பட்டுவிட்டுத்தான் மற்ற வேலை பார்க்கிறேன்.

கொப்பி ஒரு அக்காவினுடையது. அவர் எனக்கு உறவு அல்ல. துறைமுகப் பக்கத்தில் இருந்த ஒரு கடற்றொழிலாளர் சங்கக் கந்தோரில் பதினொரு வருடம் தட்டச்சும் பதிவும் பார்த்தவர். சல்லிக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். கணவர் படகில் விழுந்து கால் முறிந்து வீட்டோடு இருந்தார், இரண்டு பெண்பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கந்தோரில் அவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவரைவிட வயதில் மூத்த செயலாளர் உட்பட. அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே ஒருவரை மிதிக்கலாம் என்பதை நான் அங்கேதான் கண்டேன்.

நான் கொம்பியூட்டர் திருத்துகிறவன். பாலையூற்றில் வீடு, டவுனில் சின்னக் கடை. அந்தச் சங்கத்துக்கும் அதன் இரண்டு கிளைகளுக்கும் நான்தான் திருத்துவேன். அக்காவின் மேசையில் இருந்தது ஒரு பழைய டெஸ்க்டொப். அதற்கு ஒரு வியாதி வந்தது. சில நாள் சுவிட்சை விரலால் அமர்த்தியதும் எழும்பும். சில நாள் விசிறி அரைச் சுற்றுச் சுற்றிவிட்டு நின்றுவிடும், திரை கறுப்பாகவே கிடக்கும். பத்துத் தரம் அமர்த்தினாலும் அசையாது. எழும்பிவிட்டாலோ பிறகு பின்னேரம்வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடும். ஒரேயடியாகச் செத்த மெசினைத் திருத்துவது சுகம். இப்படிச் செத்துச் செத்துப் பிழைக்கிற மெசின்தான் திருத்துகிறவனின் உயிரை எடுக்கும்.

மூன்று தரம் போனேன். மூன்று தரமும் மத்தியானச் சாப்பாடு முடிந்து, இரண்டு மணிக்குப் பிறகுதான் போனேன், அது என் வழக்கம். மூன்று தரமும் முதல் அமர்த்தலிலேயே எழும்பியது. எங்கள் பக்கத்தில் கடல் உப்புக் காற்றால் உள்ளே இருக்கும் செம்புப் பல்லெல்லாம் பச்சை பிடித்துவிடும். அதனால் ராம் என்கிற நினைவுத் தகட்டைக் கழற்றிப் பிள்ளைகளின் அழிறப்பரால் தேய்த்துப் போட்டேன். மணிக்கூட்டுப் பற்றறியை மாற்றினேன். வயர்களை இழுத்துச் செருகினேன். "அக்கா, இனி ஓடும்" என்றேன். அடுத்த நாள் காலை அவர் தொலைபேசியில் கூப்பிட்டு, எழும்பவில்லை தம்பி என்பார். நான் போனால் எழும்பும். அவர் தொட்டால் எழும்பாது. எனக்கு எரிச்சல் வரத் தொடங்கியது, அவர்மேல்.

அக்கா ஒன்றும் தெரியாதவர் அல்ல. இதைத்தான் நான் விழுங்கவே முடியாமல் இருக்கிறேன். முதல் நாள் குழப்பத்திலிருந்தே அவர் ஒரு கொப்பி போட்டு எழுதி வைத்திருந்தார். இரண்டாம் தரம் போனபோது அதை எடுத்து நீட்டினார். "தம்பி, எந்தெந்த நேரம் எழும்பினது, எப்ப எழும்பேல்ல எண்டு எல்லாம் இதில இருக்கு. ஒருக்காப் பாருங்கோ." நான் வாங்கி மேசையில் வைத்துவிட்டு ஸ்குரூ ட்ரைவரைத் தேடினேன். மூன்றாம் தரமும் நீட்டினார். அன்றும் பார்க்கவில்லை. தட்டச்சுக்காரி எழுதிய கொப்பியை நான் வாசித்து வியாதி கண்டுபிடிப்பதா? படித்த திமிர்கூட இல்லை, ஆறு மாதக் கோர்ஸ் முடித்த திமிர்.

ஒரு விஷயம் மட்டும் கந்தோர் முழுவதும் பேசப்பட்டது. வெள்ளிக்கிழமைகளில் மெசின் ஒருநாளும் குழப்பியதில்லை. அக்கா வெள்ளியென்றால் தலை முழுகி, ஈரக்கூந்தலை நுனியில் முடிந்துகொண்டு வருவார். மேசைக்கு மேலே மாட்டியிருந்த பிள்ளையார் படத்துக்குப் பூ வைத்து, கற்பூரம் காட்டி, திரையின் மூலையில் ஒரு பொட்டுச் சந்தனமும் வைத்துவிட்டுச் சுவிட்சை அமர்த்துவார். அது நல்ல பிள்ளைபோல எழும்பும். பிள்ளையார் வெள்ளிக்கிழமை மட்டுந்தான் டியூட்டியில் நிற்கிறார் என்று பியோன் பகிடி விடுவார். அக்காவும் சிரிப்பார். அவருக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் அந்த நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். ஒரு திங்கட்கிழமையும் கற்பூரம் காட்டிப் பார்த்ததாகப் பிறகு கொப்பியில் வாசித்தேன். அன்று எழும்பவில்லை.

அந்த வருடம் கடல் பெருத்து அடித்ததில் சின்னப் படகுக்காரர்களின் வலைகள் போய்விட்டன. வலை நிவாரணத்துக்குப் பெயர்ப் பட்டியல் ஒன்றை ஒரு குறிப்பிட்ட நாள் மத்தியானத்துக்கு முன் மேலிடத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. அக்கா அதை நாலு நாள் முன்னதாகவே அடித்து முடித்துச் செயலாளரின் மேசையில் வைத்தார். அவர் கையெழுத்து வைக்காமல் வைத்திருந்துவிட்டு, கடைசி நாள் காலையில் தன் ஆட்கள் இருவரின் பெயரைச் சேர்த்து மறுபடி அச்செடுக்கச் சொன்னார். இடிக்குப் பயந்து எங்கள் பக்கத்தில் பின்னேரம் எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டுத்தான் கந்தோரைப் பூட்டுவார்கள். காலையில் அக்கா பிளக்கைப் போட்டு அமர்த்தினார். எழும்பவில்லை. பத்து மணிக்கும் எழும்பவில்லை. பட்டியல் மத்தியானத்துக்குப் பிறகு போய்ச் சேர்ந்தது, வாங்க மறுத்துவிட்டார்கள். சல்லி, நிலாவெளிச் சனம் கந்தோர் வாசலில் வந்து நின்று ஏசியது. அவர்களுடைய கோபம் நியாயம். செயலாளருக்கு அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் இறக்கி வைக்க ஒரு தலை தேவைப்பட்டது.

நிர்வாகக் குழு கூடியது. என்னையும் கூப்பிட்டார்கள். நான் போய்ச் செயலாளருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன், தேத்தண்ணி கொடுத்தார்கள். அக்கா கதவோரம் நின்றார், அவருக்குக் கதிரை போடவில்லை. கூட்டம் தொடங்க முன் என்னிடம் வந்து, மூன்றாம் தரமாக அந்தக் கொப்பியை என் முன்னால் மேசையில் வைத்தார். குரலைத் தாழ்த்தி, கடைசி இரண்டு பக்கத்தை மட்டும் பாருங்கோ தம்பி என்றார். நான் தலையாட்டினேன். பார்க்கவில்லை.

செயலாளர் என்னிடம் மரியாதையாகத்தான் கேட்டார். "தம்பி, நீங்கள் தெரிஞ்ச ஆள். சொல்லுங்கோ, மெசினில பிழை இருக்கோ?"

"நான் பார்க்கேக்க ஒரு பிழையும் இருக்கேல்ல" என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு கேவலமான பொய். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். செயலாளர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, திருத்துகிறவரே சொல்லியாயிற்று, இனி என்ன கதை என்றார். பிறகு குழுவைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை முழுகிச் சுத்தமா வாறா, அண்டைக்கு மெசின் எழும்புது. மற்ற நாளில எப்பிடி வாறாவோ, ஆர் கண்டது."

ஆண்கள் ஏழு பேர் இருந்தோம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சத்தமாக இல்லை, ஆனால் சிரித்தேன். அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சேலைத் தலைப்பை எடுத்துத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்துக்கொண்டார், வெக்கை நாளில். பிறகு செயலாளர் சொல்லச் சொல்ல நான் என் வேலைச்சீட்டில் எழுதினேன்: "இயந்திரத்தில் பழுது இல்லை. பாவனையாளரின் கவனயீனம்." கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையும் குத்திக் கொடுத்தேன். அடுத்த மாதத்திலிருந்து வரவேண்டாம் என்று அக்காவுக்குக் கடிதம் போனது. பதினொரு வருடத்தை என் இரண்டு வரி தின்றுவிட்டது.

அக்காவின் கதிரைக்குச் செயலாளரின் மனைவியின் தங்கை மகள் வந்தாள். பாவம், அந்தப் பிள்ளைமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவள் வந்து நாலாம் நாள் காலை மெசின் எழும்பவில்லை. அந்தப் பிள்ளை எந்தெந்த நாளில் முழுகுகிறாள் என்று எந்த ஆம்பிளையும் கேட்கவில்லை. உடனே எனக்குத் தொலைபேசி வந்தது. அவசரம் என்றபடியால் வழக்கத்துக்கு மாறாகக் காலை எட்டரைக்கே போனேன். அந்தக் கந்தோருக்குள் நான் காலையில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

பின்சுவருக்கு அப்பாலிருந்து கறகறவென்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அது என்னவென்று கேட்டேன். ஐஸ் உடைக்கிற மோட்டர், போட் வந்து மீன் இறக்கிற நேரத்திலிருந்து மத்தியானம்வரை ஓடும் என்று பியோன் சொன்னார். மோட்டர் இழுக்கும்போதெல்லாம் தலைக்கு மேலே மின்குமிழ் மங்கி மங்கித் தெளிந்தது. மெசினைத் திறந்து பவர் சப்ளையைக் கழற்றினேன். உள்ளே கப்பாசிட்டர்கள் இரண்டு தலை வீங்கி நின்றன. வயதாகித் தளர்ந்த பவர் சப்ளை. மின்சாரம் முழுதாக வந்தால் எப்படியோ எழும்பிவிடும், கொஞ்சம் குறைந்தால் எழும்ப ஏலாது. சமதரையில் தாங்கித் தாங்கி நடக்கிற கிழவர் படிக்கட்டைக் கண்டால் நின்றுவிடுவதுபோல. மூன்று தரம் வந்தும் நான் அதை ஒருதரமாவது கழற்றிப் பார்க்கவில்லை. இரண்டு மணிக்கு வந்து, மோட்டர் நின்ற நேரத்தில் சுவிட்சை அமர்த்திவிட்டுப் போனவன் நான்.

இன்னொரு ஸ்குரூவைத் தேடி மேசை லாச்சியை இழுத்தபோது உள்ளே கொப்பி இருந்தது. நீல மட்டையில் தேத்தண்ணி வட்டம். திறந்தேன். அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு நாலு நிரல்: திகதி, நேரம், எழும்பினதா, காரணம். மணிமணியான எழுத்து. முதல் வாரங்களில் காரணம் என்ற நிரலில் கேள்விக்குறிகள். பிறகு ஒரு பக்கத்தில்: "வெள்ளி எல்லாம் எழும்பியது. ஐஸ் நானாவுக்கும் வெள்ளி லீவு, பள்ளிக்குப் போறவர்." அதன் கீழ் இரண்டு கோடு. அடுத்த பக்கத்தில்: "மோட்டர் நிற்கேக்க அமத்தினால் எழும்புது. ஓடேக்க அமத்தினால் எழும்பாது. மூன்று நாள் பார்த்தாச்சு." பட்டியல் கொடுக்க வேண்டிய நாளுக்கு நேரே: "ஐஸ் கடையில போய்க் கேட்டனான், நானா இல்லை, பொடியன்தான் நிண்டவன். ஐந்து நிமிசம் நிப்பாட்ட ஏலாதாம், போட் வந்திட்டுதாம். செயலாளரிட்டச் சொன்னனான். உம்மட வேலையைப் பாரும் எண்டவர்."

நான் அதற்கு மேல் வாசிக்கவில்லை. கொப்பியோடு எழும்பிப் பின்பக்கம் ஓடினேன். கந்தோரின் மின்பலகையிலிருந்து தடித்த கறுப்பு வயர் ஒன்று சுவரைத் துளைத்து ஐஸ் கொட்டிலுக்குள் போயிருந்தது. ஐஸ் நானா, கிண்ணியாக்கார முஸ்லிம், அங்கேதான் நின்றார். அவரிடம் கேட்டேன். அவருடைய லைன் புது மோட்டரைத் தாங்கவில்லை என்றும், தனி இணைப்புக்கு எழுதிப் போட்டிருக்கும் நேரத்தில் செயலாளர்தான் தங்கள் பலகையிலிருந்து எடுக்கச் சொன்னார் என்றும் சொன்னார். பதிலுக்குச் செயலாளரின் படகுக்கு முதல் ஐஸ். குழுவுக்கு இது தெரியாது. அக்காவின் கதையை நான் சொன்னதும் நானா கையில் இருந்த ஐஸ் கொத்தியைக் கீழே வைத்தார். "நம்மட மோட்டராலயா அந்தப் புள்ளட வேல போனது? ஒரு சொல்லு எனக்கிட்டச் சொல்லியிருந்தா அண்டைக்கே நிப்பாட்டியிருப்பனே தம்பி." அன்று பின்னேரமே ஆள் வைத்து வயரைக் கழற்றினார். வெளி ஆள், ஒரு சொல்லில் கழற்றினார்.

செயலாளரிடம் போனேன். அவர் பதறவில்லை. முடிஞ்ச கதையை ஏன் தம்பி கிளறுகிறீர்கள், புதுப் பவர் சப்ளையைப் போட்டுவிட்டுப் போங்கோ என்றார். அவருக்கு எல்லாம் தெரியும். அந்த மோட்டரையும், அந்த வயரையும், அக்கா வந்து சொன்னதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் ஒரு பெண்ணின் குளிப்பு முழுக்கைச் சபையில் இழுத்தார். அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கொதிக்கிறது. ஆனால் அவர் தன் வயரை மறைக்கப் பொய் சொன்னார், அவருக்கு அதில் ஒரு தேவை இருந்தது. எனக்கு என்ன தேவை இருந்தது? நான் சும்மா எழுதிக் கொடுத்தேன். நினைக்க நினைக்க என்மேல் வருகிற கோபத்துக்குப் பக்கத்தில் அவர்மேல் வருகிற கோபம் சின்னதாகிவிடுகிறது.

பிழை மெசினிலும் வயரிலும்தான் என்று இரண்டாவது அறிக்கை ஒன்று எழுதினேன், முத்திரை குத்திக் குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். கிடைத்தது என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் அதுகூடச் சொல்லவில்லை. அடுத்த மாதம் சங்கத்தின் வேலை வேறொரு கடைக்குப் போனது. அது எனக்குத் தண்டனை என்று செயலாளர் நினைத்திருப்பார். அதைத் தண்டனை என்று சொன்னால் அக்காவுக்குக் கிடைத்ததை என்னவென்று சொல்வது?

அறிக்கையின் பிரதியையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு அக்காவைத் தேடிப் போனேன். நிலாவெளி வீதியில் ஒரு போட்டோக் கொப்பிக் கடையில் வேலைக்கு நின்றார். ஹோட்டல்களுக்கு வருகிற வெள்ளைக்காரரின் பாஸ்போட்டுகளைப் பிரதியெடுத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார். இருக்கச் சொல்லிக் கதிரை இழுத்துப் போட்டார், அதுவே எனக்கு அடிபோல இருந்தது. அறிக்கையை நீட்டினேன். முழுவதும் நிதானமாக வாசித்தார். நான் எழுதியதை அவர் வாசித்தார்! பிழை முழுக்க என்னுடையது அக்கா, மன்னிக்க வேண்டும், எங்கே வந்து வேண்டுமானாலும் சொல்கிறேன் என்று நான் அடுக்கிக்கொண்டு போனேன்.

அவர் தாளை மடித்தார். "மெசின்ர பிழை பிடிபடேல்லத்தான். அது வேற. பெரிய பெரிய ஆக்களுக்கே பிடிபடாது. அண்டைக்கு அவர் அந்தக் கதை கதைக்கேக்க நீங்கள் ஏன் தம்பி சிரிச்சனீங்கள்?"

நான் கொப்பியை எடுத்து அவர் பக்கம் தள்ளினேன். அவர் அதைத் தொடவில்லை.

"நீங்களே வச்சிருங்கோ. உங்களுக்கெண்டு எழுதினதுதானே. கடைசிப் பக்கம் வாசிச்சனீங்களோ?"

வாசிச்சனான் என்று சொன்னேன். அதுவும் பொய். ஐஸ் மோட்டரைப் பற்றி எழுதிய இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டு ஓடியவன், பிறகும் திருப்பிப் பார்க்கவில்லை. கொப்பியோடு பஸ் ஏறினேன். சாம்பல்தீவுப் பாலம் தாண்டுகிறபோதுதான் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன்.

குழு கூடிய நாளின் திகதி இருந்தது. கூட்டம் முடிந்து, எல்லோரும் போனபிறகு, தன் மேசைக்குத் திரும்பிப் போய் இருந்து எழுதியிருக்கிறார். அப்போதும் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டிருக்கிறார். நேரம் என்ற நிரலில் "பின்னேரம் 3.10". எழும்பினதா என்ற நிரலில் "ஓம்". காரணம் என்ற நிரலில் அதே மணிமணியான எழுத்தில்: "டெக்னீசியன் வந்தவர். கொப்பியைக் குடுத்தனான். தேத்தண்ணிக் கோப்பையை அதுக்கு மேல வச்சவர்."

அதனால்தான் கொப்பி என் மேசையில் கிடக்கிறது. இப்போது யாராவது மெசினைத் தூக்கிக்கொண்டு வந்து, எப்போது நின்றது, என்ன செய்தது என்று நீட்டி முழக்கத் தொடங்கினால் எனக்கு இன்னும் எரிச்சல் வரத்தான் செய்கிறது, நான் ஒன்றும் திருந்தி ஞானியாகிவிடவில்லை. ஆனால் கேட்கிறேன். பக்கத்துக் கடைப் பொடியன் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தால் கோப்பையைக் கையிலேயே வைத்திருக்கிறேன். ஆறிப் போனாலும் மேசையில் வைப்பதில்லை.